முடிச்சு மாலை

மணியைக் கோத்து மாலையாக்குதல் நம் நாட்டிற் சிறுமியரும் அறிந்த தொழில். ஊசியில் நூலேற்றி, மணிக்குப்பின் மணியாகச் சேர்த்து, ஈற்றில் இரண்டு நுனிகளையும் பிணைத்துவிட்டால் மாலை முடிந்தது. அத்தகைய மாலையில் நூல் மறைந்து நிற்க மணியே விளங்கும். நூல் ஓரிடத்தில் அற்றாலோ மணியனைத்தும் தரையிற் சிதறி, கட்டிலின் கீழும் கதவிடுக்கிலும் தேடவேண்டி நேரும். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட மாலை வேறு வகையினது. இதில் நூலும் மணியோடொத்த அணியாகும். ஒவ்வொரு மணிக்கு முன்னும் பின்னும் முடிச்சுகள் காவலாக நிற்றலின், ஓரிடத்து இழை தேய்ந்து அற்றாலும் ஏனை மணிகள் தத்தம் இடத்திலேயே நிற்கும். மேனாட்டார் இதனை மாக்ரமே வேலை என்பர். தறி வேண்டா, பொறி வேண்டா. பத்து விரலும் நான்கு இழையும் இருந்தால் தொடங்கலாம்.

இத்தொழிலைப் பற்றிப் பலரிடத்தும் ஓர் எண்ணம் நிலவுகின்றது. பொழுதுபோகாத மகளிர்க்கு உரியது இது. பொறுமை இருந்தாற் போதும், அறிவுக்கு இதில் வேலையில்லை என்பதே அவ்வெண்ணம். இவ்விரண்டு கூற்றும் பொருந்தா என்பது நம் துணிபு. பொறுமை மட்டும் உடைய ஒருவன் நூறு முடிச்சுகள் கட்டிய பின்னும் தன் மாலை ஏன் கோணுகின்றதென்று அறியான். ஒரே ஒரு முடிச்சை மெல்ல அவிழ்த்துப் பார்த்தவன் அதனை உடனே அறிவான். அவிழ்த்துக் கற்றலே இத்தொழிலுக்கு வாயில் என்பதற்கு இதன் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

மாக்ரமே என்னும் சொல் அரபு மொழியினின்று வந்ததென்பர் சொல்லாராய்ச்சியாளர். அம்மொழியில் மிக்ரமா என்பது பூவேலை செய்த திரையையோ விரிப்பையோ குறிக்கும். துருக்கியர் மக்ரமா என்னும் பெயரைக் கைத்துண்டுக்கு இட்டு வழங்கினர். நெய்து முடிந்த துணியின் ஓரத்தில் தொங்கும் நூல்களை வெட்டியெறியாது, அவற்றையே முடிச்சிட்டு அழகுசெய்யும் வழக்கம் மத்தியதரைக் கடலின் கரைகளிற் பரவி, இத்தாலி நாட்டு ஜெனோவாப் பகுதியில் வேரூன்றியது. ஜெனோவாவுக்குக் கிழக்கே கடலோரத்திலுள்ள கியாவரி என்னும் ஊர் இத்தகைய ஓரவேலை அமைந்த துண்டுகளுக்குப் பெயர்பெற்றது.

1882ஆம் ஆண்டில் காஃபீல்டு, சாவார்டு என்னும் ஆங்கில மாதர் இருவர் ஊசிவேலை பற்றிப் பெரியதோர் அகராதி வெளியிட்டனர். அதிற் காணப்படும் செய்தி வருமாறு. ஜெனோவா நகரத்து ஏழையர் விடுதியில் 1843ஆம் ஆண்டு வரையில் எளிய முடிச்சு வேலையே நடைபெற்றுவந்தது. அவ்வாண்டில் தாஸ்தி என்னும் பிரபு ரோமாபுரியிலிருந்து சிறந்த வேலைப்பாடமைந்த பெரிய துண்டம் ஒன்றை அங்கே கொண்டுவந்தார். அதனை எவ்வாறு செய்தனர் என்று சொல்வார் இல்லை. மரியா பிக்கெட்டி என்னும் இளம்பெண் அத்துண்டத்தை எடுத்துக்கொண்டு, முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, ஒவ்வோர் இழையும் எவ்வழிச் சென்றதென்று கண்டறிந்தாள். அது முதற்கொண்டே அருமையான கோலங்கள் அவ்விடத்தில் முடியப்பெற்றன என்று அகராதி கூறுகின்றது. அழகிய பொருள் ஒன்று கைக்கு வந்தால் பேழையில் வைத்துப் பூட்டுவோரே பலர். அதனைக் குலைத்துப் பார்க்கும் துணிவு அப்பெண்ணுக்கு எங்ஙனம் வந்ததோ! அவிழ்த்த பின் மீட்டும் முடிய இயலாமற் போயிருப்பின் அவள் யாருக்கு விடைசொல்லியிருப்பாள் என்று எண்ணும்போதுதான் அச்செயலின் அருமை புலனாகும்.

இனி, இது மகளிர்க்கே உரியதென்னும் கூற்றினை நோக்குவாம். பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் மாலுமிகள் காற்றில்லா நாட்களிற் கப்பலின் மணிக்கயிறு, கத்தியுறை, பெட்டியின் கைப்பிடி முதலியவற்றை முடிச்சு வேலையால் அழகுசெய்தனர். துறைமுகங்களில் அவற்றை விற்றும் பண்டமாற்றுச் செய்தும் வந்தனர். முடிச்சுகளைத் தொகுத்து எழுதியவருள் தலைசிறந்தவராகிய கிளிஃபோர்டு ஆஷ்லியும் கடலோடு பழகியவரே. அமெரிக்க நாட்டு நியூ பெட்போர்டு என்னும் திமிங்கிலத் துறையிற் பிறந்த ஓவியர் அவர். 1944ஆம் ஆண்டில் வெளியான அவரது நூலில் 3,800க்கு மேற்பட்ட முடிச்சுகள் எண்ணிட்டு விளக்கப்பட்டுள்ளன.

அந்நூலில் ஆஷ்லி ஓர் எச்சரிக்கை விடுக்கின்றார். நம் மாலைக்கு அடிப்படையாகிய சதுர முடிச்சைப் பற்றியது அது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு இம்முடிச்சை நம்பியவர்களுள் உயிரிழந்தோரும் ஊறுபட்டோரும் மிகப் பலர். வேறு ஐந்தாறு முடிச்சுகள் தவறியதால் வந்த கேடுகளையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகா என்பது அவர் கருத்து. உயிருக்கு உலைவைக்கும் முடிச்சு கழுத்தணிக்கு எவ்வாறு ஏற்றதாயிற்று என்று வினவலாம். அதற்குரிய விடை அம்முடிச்சு கட்டும் முறையிலேயே உள்ளது. ஆதலால் முதலிற் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் முடிச்சுக்கு வருவாம்.

கயிறு 1 மில்லிமீட்டர் பருமனுள்ள மெழுகிட்ட பருத்திக் கயிறாக இருத்தல் நன்று. மெழுகு இழைகளை ஒன்றோடொன்று பற்றச் செய்யும். முடிச்சு இறுகியபின் நழுவாது. பட்டுக்கயிறு பார்வைக்கு இனியது. ஆயினும் தொடக்கத்தில் அதனைத் தொடாதிருத்தலே நலம். வழுக்கும் இயல்பினதாகலின் கற்போனை அது மிக வருத்தும். நைலான் கயிறு நெடுநாள் உழைக்கும். ஆயின் வியர்வை மிகுந்த கழுத்தில் உறுத்தும் என்பர் சிலர். இது அவரவர் தோலைப் பொறுத்தது.

கயிற்றின் நீளத்தைக் கணக்கிடுவதிலேதான் பலர் இடர்ப்படுவர். நம் மாலையில் நான்கு இழைகள் உண்டு. நடுவே நேராகச் செல்லும் இரண்டினை நடுவிழை என்றும், இருபுறமும் நின்று அவற்றைச் சுற்றிக் கட்டும் இரண்டினைக் கட்டிழை என்றும் வழங்குவோம். நடுவிழை வளையாமற் செல்வதால் மாலையின் நீளமும் நுனிக்கு வேண்டிய மிகையும் இருந்தாற் போதும். கட்டிழையோ ஒவ்வொரு முடிச்சிலும் குறுக்கே சென்று வளைந்து திரும்புகின்றது. முடிந்த மாலையின் நீளத்தைப்போல் நான்கு முதல் ஐந்து மடங்கு வரை அதற்கு வேண்டும். 45 சென்டிமீட்டர் நீளம் முடிச்சுள்ள மாலைக்கு நடுவிழை ஒவ்வொன்றும் 1 மீட்டர், கட்டிழை ஒவ்வொன்றும் 2½ மீட்டர் எனக் கொள்க. பூட்டு முடிச்சுக்கென 40 சென்டிமீட்டர் துண்டு ஒன்றும் வேண்டும். ஆக 8 மீட்டர் வாங்கினால் குறைவு நேராது. கயிறு மிஞ்சினால் வெட்டலாம். பாதி மாலையிற் குறைந்தால் ஒட்டுப்போடுதல் அழகன்று.

மணியைப் பற்றி விரித்துக் கூறவேண்டும். கடையில் மணி வாங்குவோர் நிறத்தை நோக்குவர், பருமனை நோக்குவர். துளையை நோக்குவோர் அரியர். நம் மாலையில் இரண்டு நடுவிழைகளும் ஒரே துளையின் வழியாகச் செல்லவேண்டும். 1 மில்லிமீட்டர்க் கயிறு இரண்டு அருகருகே செல்லுதற்குத் துளையின் விட்டம் குறைந்தது 2 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது கேத்திரகணிதம். எளிதிற் செல்லுதற்கு 2½ மில்லிமீட்டர் வேண்டும் என்பது அனுபவம். 8 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள மரமணிகள் 11 எடுத்துக்கொள்க. மரமணிகளின் துளை பெரும்பாலும் இதற்குப் போதியதாக இருக்கும்.

கல்மணி விரும்புவோர் ஒன்றினைக் கருத்திற் கொள்ளவேண்டும். கல்லைத் துளையிடுவோர் இரு முனைகளினின்றும் துளைத்து நடுவிற் சேர்ப்பதுண்டு. சேருமிடத்தில் சிறு படியும், வாயிலில் கூரிய விளிம்பும் அமைந்துவிடும். அவ்விளிம்பு நாளடைவிற் கயிற்றை அரம்போல் அராவி அறுக்கும். வாங்கும்போதே மெல்லிய நூலொன்றைத் துளையில் நுழைத்து முன்னும் பின்னும் பத்துமுறை இழுத்துப் பார்க்க. நூல் பிசிர் விட்டால் அம்மணியை விலக்குக. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பழங்கால மணிகளைக் கண்டோர், சூதுபவளம், பளிங்கு முதலிய கடுங்கற்களைத் துளையிட்ட நம் முன்னோரது கைத்திறத்தை வியவாதிரார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்த காலத்தும், அதற்கு முன்னும் பின்னும், கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. காய்ச்சிய கண்ணாடியைக் குழாயாக நீட்டி இழுத்துத் துண்டுதுண்டாக நறுக்கிச் செய்த அத்தகைய சிறுமணிகள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. அவை நூலிற் கோத்தற்கு உரியன; நம் முடிச்சு மாலைக்குத் துளை போதா. இன்று கடைகளிற் கிடைக்கும் பாசிமணிகளுக்கும் இதுவே விதி.

கருவிகள் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ஒரு தக்கைப் பலகை, பத்துக் குண்டூசிகள், கத்தரிக்கோல், அளவுகோல், காதகன்ற ஊசி ஒன்று, இவ்வளவே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆங்கில மாதர் ஈயம் இட்டுக் கனமாக்கிய மெத்தையின்மேல் இவ்வேலையைச் செய்தனர். இழுக்கும்போது அடிப்பொருள் நகரலாகாது என்பதே அதன் கருத்து. தக்கைப் பலகை கிடையாதோர் தடித்த அட்டையைப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையேல் நாற்காலியின் முதுகிற் கட்டிக்கொண்டு செய்யலாம்.

நல்ல கயிற்றை எடுக்குமுன், தடித்த சணற்கயிறு நான்கு துண்டுகளிற் பழகுதல் வேண்டும். அவற்றுள் கட்டிழை ஒன்றனுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொள்க. மற்றது வெள்ளையாக இருக்கட்டும். இடமிருந்து வலமாக இழைகளுக்கு 1, 2, 3, 4 என எண்ணிடுக. 1 சிவப்புக் கட்டிழை. 2, 3 நடுவிழைகள். 4 வெள்ளைக் கட்டிழை. சிவப்பிழையை எடுத்து நடுவிழைகளின் மேலாக வலப்பக்கம் கொண்டுசென்று வெள்ளையிழையின் கீழே விடுக. அப்போது இடப்பக்கத்தில் சிவப்பிழைக்கும் நடுவிழைக்கும் இடையே ஒரு வளைவு தோன்றும். இனி வெள்ளையிழையை நடுவிழைகளின் கீழாக இடப்பக்கம் கொண்டுசென்று, அவ்வளைவினூடே அடியிலிருந்து மேலாக எடுத்து, இரண்டு நுனிகளையும் ஒருங்கே இழுக்க. இஃது அரைமுடிச்சு எனப்படும்.

இப்போது சிவப்பு வலப்பக்கத்தும் வெள்ளை இடப்பக்கத்தும் இருக்கும். மீண்டும் சிவப்பையே எடுத்து, நடுவிழைகளின் மேலாக இடப்பக்கம் கொண்டுவந்து வெள்ளையின் கீழே விடுக. வெள்ளையை நடுவிழைகளின் கீழாக வலப்பக்கம் செலுத்தி, வலப்பக்கத்து வளைவினூடே மேலே எடுத்து இழுக்க. சதுர முடிச்சு ஒன்று முடிந்தது. முதலில் எந்த இழை மேலே சென்றதோ அதே இழையே மறுமுறையும் மேலே செல்லவேண்டும் என்பதொன்றே இங்கு நினைவிற் கொள்ளற்பாலது. இடம் வலம் என்று மனனம் செய்வோர் இடையிற் பேச்சுக் கொடுத்தால் மறந்துவிடுவர். நிறத்தைப் பற்றியவர் மறவார். வரிசையாகப் பத்து முடிச்சுகள் கட்டினால் நடுவே சிவப்பு மட்டும் குறுக்குக் கட்டாக அமைய, வெள்ளை இரு ஓரங்களிலும் ஒதுங்கி நிற்கும். நடுவே திடீரென வெள்ளை தலைகாட்டினால் அவ்விடத்தில் முறை பிறழ்ந்தது என்று தெளிக.

இந்நிலையில்தான் பிக்கெட்டியின் வழியைப் பின்பற்ற வேண்டும். கட்டிய பத்து முடிச்சுகளையும் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்க. விரைந்து இழுத்துக் குலைக்காமல், எந்த இழை எதன்மேல் இருந்தது, எவ்வளைவின் வழியாக வந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவிழ்க்க. கட்டும்போது கண் கையைப் பின்தொடர்கின்றது. அவிழ்க்கும்போது கை கண்ணைப் பின்தொடர்கின்றது. மாணவர் சிலருக்கு இதனைக் கற்பித்த காலத்தில் நாம் கண்டது யாதெனில், கட்டுவதையே இருபது முறை செய்தவரினும், ஐந்துமுறை கட்டி ஐந்துமுறை அவிழ்த்தவர் விரைவில் தேர்ந்தனர் என்பதே. இடக்கையாளர் சிலர் வலப்பக்கத்திலிருந்து தொடங்க விரும்பினர். அதனால் இழுக்கு ஒன்றுமில்லை. முறை மாறாதிருந்தாற் போதும்.

பூத்தொடுக்கும் கையினர்க்கு இத்தொழில் விரைவில் வசப்படும் என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். மல்லிகைத் தொடுப்பவர் நூலையோ வாழைநாரையோ விரலிற் கண்ணியாக மடித்துக் காம்புகளின்மேல் ஏற்றி இறுக்குகின்றார். காம்புகளே அங்கு நடுவிழை, நாரே கட்டிழை. காம்பு நசுங்காமலும் பூ நழுவாமலும் இழுக்கும் அந்த அளவறிந்த இழுப்பு நூலிற் படித்து வருவதன்று.

இனிச் சதுர முடிச்சின் குற்றத்துக்கு வருவாம். சதுர முடிச்சு என்பது ஒன்றற்கொன்று எதிரான இரண்டு அரைமுடிச்சுகளின் சேர்க்கை. ஒரு கட்டிழையின் இரு புறத்தையும் பிடித்து நேராக வலிந்து இழுத்தால் அவ்விழை நேராகிவிடும். மற்றையிழை அதன்மேல் வெறும் வளையமாக மாறி வழுக்கிக்கொண்டு ஓடும். கயிறிணைத்தோர் பட்ட கேடு இதனால் வந்ததே. நம் மாலையிலோ பளுவைத் தாங்குவன நடுவிழைகள். கட்டிழைகள் அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்பது தவிர வேறு சுமை தாங்குவதில்லை. அன்றியும் ஒவ்வொரு முடிச்சையும் அடுத்த முடிச்சு இறுக்கி நிறுத்துகின்றது. ஆதலால் ஒரு வேலைக்குத் தீதாகிய முடிச்சு மற்றொரு வேலைக்கு நன்றாயிற்று. எனினும் அக்குற்றம் முற்றும் நீங்கியதென்று எண்ணற்க. கட்டும்போது ஒரு கையால் வன்மையாகவும் மறுகையால் மென்மையாகவும் இழுப்போரது மாலையில் முடிச்சுகள் புரண்டு, நடுவிழைமேல் நகரத் தொடங்கும். இரு கைகளும் ஒத்து இழுத்தலே இதற்கு மருந்து.

அரைமுடிச்சை எதிரெதிராகக் கட்டாமல், எப்போதும் இடப்பக்கத்து இழையையே மேலே செலுத்திக் கட்டிக்கொண்டு சென்றால் யாதாகும்? நான்கைந்து முடிச்சுகளுக்குள் பட்டையாக இருந்த வேலை தானே திரும்பத் தொடங்கிப் படிக்கட்டுப்போற் சுற்றிச் செல்லும். அரைமுடிச்சு ஒவ்வொன்றிலும் சிறிதளவு முறுக்கு உண்டு. எதிரெதிராக அமைந்தால் ஒன்றன் முறுக்கை மற்றொன்று ஈடுசெய்து பட்டை தட்டையாக நிற்கும். ஒரே பக்கமாக அமைந்தால் முறுக்கோடு முறுக்குச் சேர்ந்து சுருளாகும். சதுர முடிச்சில் முறை பிறழ்ந்தோரது மாலை கோணுவதும், வேண்டுமென்றே சுருள் செய்வோரது மாலை அழகுற விளங்குவதும் ஒரே காரணத்தால் நிகழ்வன. அறியாது செய்தது பிழை. அறிந்து செய்தது கோலம்.

கணிதம் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. அரைமுடிச்சின் இரு நுனிகளையும் சேர்த்து ஒட்டினால் மூவிதழ் முடிச்சு என்னும் வடிவம் பெறப்படும். அதனை எவ்வளவு திருகினும் வளைப்பினும், அறுக்காமல், கண்ணாடியிற் காணும் அதன் எதிருருவாக மாற்ற இயலாது. இதனை மாக்ஸ் டேன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1914ஆம் ஆண்டில் நிறுவினார். இதன் பயன் நம் மாலையிலேயே புலப்படும். மாலையின் நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் சுருள் கட்டி முடித்தபின், பலகையைத் தலைகீழாகத் திருப்பி மறுபக்கம் அதே முறையிற் கட்டினால், இரண்டு சுருள்களும் எதிரெதிர் நோக்குமென்று நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு நோக்கா, இரண்டும் ஒரே திசையிற் சுற்றும். பலகையைத் திருப்புதல் முறுக்கின் இனத்தை மாற்றாது. மாலை அணிந்தவரின் இரு தோள்களிலும் சுருள் ஒன்றற்கொன்று கண்ணாடி உருவாக அமையவேண்டின், ஒரு பக்கத்தில் எப்போதும் இடவிழை மேலாகவும், மறுபக்கத்தில் எப்போதும் வலவிழை மேலாகவும் கட்டுதல் வேண்டும். விற்பனைக்கு வரும் மாலைகளிற் பல இந்நுட்பம் இன்றியே செய்யப்படுகின்றன. உற்று நோக்குவோர் அதனைக் கண்டுகொள்வர்.

இப்பயிற்சி கைவந்தபின் மாலையைத் தொடங்கலாம். நடுவிழைகளின் நுனியை உருகிய மெழுகில் தோய்த்துச் சாய்வாக நறுக்கினால் மணியிற் செலுத்துதல் எளிது. முதல் மணியை இரண்டு நடுவிழைகளிலும் ஏற்றி, அவற்றின் சரிநடுவில் நிறுத்திப் பலகையிற் குண்டூசியால் பொருத்துக. கட்டிழைகளையும் சரிநடுவில் மடித்து, மணிக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வைத்து ஊசி குத்துக. மணிக்குக் கீழே இரண்டு சதுர முடிச்சுகள் கட்டுக. அடுத்த மணியை ஏற்றுக. மீண்டும் இரண்டு முடிச்சுகள். இவ்வாறு நடுமணியை விட்டு ஐந்து மணிகள் ஒரு பக்கத்திற் சேரட்டும். மணியைத் தாண்டும்போது கட்டிழைகள் மணியின் இரு புறமும் படிந்து வளைந்து செல்லவேண்டும். மிக இறுக்கினால் மணி மேலெழும்பித் துருத்தும். தளர்த்தினால் காதுபோல் வளைவு நீட்டிக்கொண்டு ஆடையிற் சிக்கும். மணியைத் தாண்டி வரும் முதல் அரைமுடிச்சை விரலால் மேலே தள்ளி மணியை முட்டச்செய்து, பிறகு இழுப்பதே தக்க முறை.

ஐந்தாம் மணிக்குப் பின் இரண்டு சதுர முடிச்சுகள் கட்டி நிறுத்தி, அதன்பின் சுருள் தொடங்குக. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை அரைமுடிச்சுகளைக் கட்டவேண்டும். சுருள் திரும்புந்தோறும் கட்டிழைகளும் பக்கம் மாறி நிற்கும். அவற்றை வலிந்து பழைய பக்கத்துக்கு இழாமல், திரும்பியபடியே விட்டு, அப்போது இடப்பக்கத்தில் நிற்கும் இழையைக் கொண்டு தொடர்க. இடையிடையே முடிச்சுகளை மேல்நோக்கித் தள்ளி நெருக்குதல் வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் பலகையைத் திருப்பி, மறுபக்கத்து ஐந்து மணிகளையும் அவ்வாறே சேர்த்து, அப்பால் வலவிழை மேலாக வருமாறு சுருள் கட்டுக. நடுவிலிருந்து தொடங்குவதன் பயன் இப்போது தெரியும். இரண்டரை மீட்டர் இழையை ஒவ்வொரு முடிச்சிலும் முழுதும் இழுக்க வேண்டாது, அதன் பாதியையே கையாளுகின்றோம். இரு பக்கமும் ஒத்த நீளமாக அமைகின்றதா என்பதையும் அவ்வப்போது மடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டிழைகளின் மிச்சத்தை ஊசியிற் கோத்து, மாலையின் பின்புறத்தில் மூன்று நான்கு முடிச்சுகளின் அடியாகத் திருப்பிச் செலுத்தி, இறுக இழுத்து வெட்டுக. பசை ஒரு துளி இட்டால் நன்று. ஆனால் பசையை நம்பி நுனியைச் செலுத்தாமல் வெட்டுதல் கூடாது. நைலான் கயிறாயின் நுனியைச் சுடரருகிற் காட்டி உருக்குவர். உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்; விரலால் அழுத்தாமல் கரண்டியின் புறத்தால் அழுத்துக.

கொக்கி வேண்டாவாறு பூட்டு அமைக்கும் முறை இவ்வேலையின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. இப்போது மாலையின் ஒவ்வொரு நுனியிலும் இரண்டிரண்டு நடுவிழைகள் நீண்டிருக்கும். ஒரு பக்கத்து இழைகளை இடம் நோக்கியும் மறுபக்கத்தவற்றை வலம் நோக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்துக. நான்கும் சேர்ந்த அக்கற்றையைச் சுற்றி, தனியே வெட்டிவைத்த 40 சென்டிமீட்டர்க் கயிற்றால் ஆறு சதுர முடிச்சுகள் கட்டி, நுனிகளைப் பின்புறம் செலுத்தி வெட்டுக. நடுவிழைகளின் நுனிகளை 15 சென்டிமீட்டர் அளவில் நறுக்கி, ஒவ்வொரு பக்கத்து இணையையும் பெருமுடிச்சிட்டு நிறுத்துக. நுனிகளைப் பிடித்து இழுத்தால் மாலை சுருங்கும். மாலையை விரித்தால் 70 சென்டிமீட்டர் வரை அகன்று தலை வழியாக எளிதிற் செல்லும். இம்முடிச்சை மிக இறுக்கினால் நகராது. மிகத் தளர்த்தினால் நில்லாது. இரண்டொரு முறை அவிழ்த்துக் கட்டியே பதம் காணவேண்டும்.

இதனை அணியக் கொடுக்குமுன் ஒன்றைச் சொல்லாமல் விடுதற்கில்லை. நன்கு முடிந்த இம்மாலை எளிதில் அறாது. அதுவே இதன் அபாயமும் ஆகும். உலோகச் சங்கிலி வலிந்து இழுத்தால் வளையம் திறந்து அறும். மெழுகிட்ட நான்கிழைக் கயிறு அங்ஙனம் விட்டுக்கொடுக்காது. ஆதலின் கைக்குழந்தைகளுக்கும் சிறுவர் சிறுமியர்க்கும் இத்தகைய மாலையை அணிவித்தல் ஆகாது. தொட்டிலிலோ, சன்னற் கம்பியிலோ, ஊஞ்சற் கொக்கியிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். அறுந்த மணி குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளுதலும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்ய விரும்புவோர், நகர்முடிச்சுக்கு மாறாக, சிறிது இழுத்தாலே தானே விடுபடும் பூட்டினைக் கடையில் வாங்கிப் பொருத்துக. தொழிற்கூடத்தில் சுழலும் பொறிகளின் அருகே நிற்கும் மாணவரும், தொடங்குமுன் மாலையைக் கழற்றி வைத்தல் வேண்டும்.

பருத்திக் கயிறு புதிதில் ஒருவாரம் அணிந்தபின் சிறிது நீளும். நடுமணி இறங்கித் தோன்றினால் அஞ்சவேண்டா. நகர்முடிச்சைச் சுருக்கிக்கொண்டால் சரியாகும். நனைந்தால் பிழியாமல் துணியில் ஒற்றி நிழலில் உலர்த்துக. மரமணியை நீரில் ஊறவிட்டால் பருத்துவிடும். சாயமிட்ட மணியாயின், மாலை தொடங்குமுன்னரே ஈரத்துணியில் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்வது வெள்ளைச் சட்டை அணிவோர்க்கு உதவும்.